சாமாவா, கோமோவா, ராக்ஹில் ஃபர்னஸா: எந்த ஷெட்டின் பழைய படங்களை எடுத்துப் படிப்பது?

நேரோ கேஜ், அதாவது குறுகிய தண்டவாளப் பாதையின் மாடல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இன்ஜினைத்தான் வாங்குகிறார்கள். அப்புறம்தான் அந்த இன்ஜின் எங்கே கரி ஏற்றும், எங்கே தண்ணீர் பிடிக்கும், எங்கே சாம்பலைக் கொட்டும், ராத்திரி எந்தக் கூரைக்குக் கீழே நிற்கும் என்ற கேள்விகள் வருகின்றன. அதாவது ஒரு லோகோ ஷெட் வேண்டும். எந்த ஊர் ஷெட்டை எடுப்பது என்று முடிவுசெய்யப் பழைய புகைப்படங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மூன்றடி கேஜ் ஷெட்டுகளில் பெரும்பாலானவை எரிந்தோ இடிந்தோ போய்விட்டன.

இந்த முடிவை எடுக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை மூன்று இடங்கள்: நியூ மெக்ஸிகோவின் சாமா, கொலராடோவின் கோமோ, பென்சில்வேனியாவின் ராக்ஹில் ஃபர்னஸ். மூன்றுமே 914 மில்லிமீட்டர் கேஜ், மூன்றுமே கரி இன்ஜின்கள். ஆனால் படங்களை வைத்துப் படிக்கிறவருக்கு மூன்றும் தரும் அனுபவம் வேறு வேறு. எது யாருக்குப் பொருந்தும் என்று நான் கண்டதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஷெட்டைப் படம் எடுப்பதற்கென்றே போன புகைப்படக்காரர்கள் மிகக் குறைவு. அவர்கள் எடுத்தது இன்ஜினை. முக்கால் பக்கம் தெரிகிற மாதிரி, வெயில் சக்கரங்களில் விழுகிற நேரமாகப் பார்த்து எடுத்தார்கள். கரிக் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் மணல் கொட்டகையும் அதற்குப் பின்னால் பாதி மறைந்து, கொஞ்சம் மங்கலாக நிற்கும். நமக்கு வேண்டியதெல்லாம் படத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. இன்ஜின் அழகாக விழுந்திருக்கிறது என்பதற்காக ஒரு படத்தைச் சேமித்து வைக்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டியிருந்தது.

ஓரத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. மீட்டர் கேஜ் ஷெட் ஒன்றில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. சாமாவின் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கரிக் கோபுரத்தைக் காட்டுவதற்காகக் கூப்பிட்டேன். அவர் கோபுரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. விரலைத் தரையில் வைத்தார்.

"இந்த ரெண்டு ரயிலுக்கும் நடுவுல வெளுப்பா கிடக்கு பாரு, இதுதான் நெருப்பு தட்டுற இடம். பக்கத்துல ஹோஸ் கிடக்கா?"

கிடந்தது. கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு, அதுவரை தண்டவாளத்தின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப சரி. சூட்டுச் சாம்பல் மேல தண்ணி அடிக்கலைன்னா கட்டை எரிஞ்சிரும்."

"ஸ்லீப்பர் கட்டையா, பெரியப்பா?"

"ஆமாப்பா. மரக் கட்டைதானே அது. அதுக்குத்தான் கீழ குழி எடுத்துக் கட்டியிருப்பான். குழி இல்லாத ஷெட்டுல சாம்பல் வண்டி வண்டியா குவிஞ்சு கிடக்கும்."

அன்றைக்கு அவர் விரல்விட்டு எண்ணிய வரிசையை இன்றும் ஒவ்வொரு படத்தின் மேலும் வைத்துப் பார்க்கிறேன். ஓடி வந்த இன்ஜின் முதலில் நெருப்பைச் சுத்தம் செய்து சாம்பலை இறக்கும். அப்புறம் கரி, தண்ணீர், சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவுகிற மணல். கம்பி மூட்டுகளுக்கும் பேரிங்குகளுக்கும் எண்ணெய். திருப்ப வேண்டுமானால் இன்ஜினை ஏற்றிச் சுழற்றுகிற மேடை, அதாவது டர்ன்டேபிள். கடைசியில் கூரை. ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் இத்தனை வேலையும் எங்கேயோ ஓரிடத்தில் நடந்தாக வேண்டும். டிரைவர் இறங்கிப் போன பிறகு இன்ஜினை இந்த வேலைகளுக்கு ஒவ்வொன்றாக நகர்த்திக் கொண்டுபோகிற ஆளை அமெரிக்காவில் ஹாஸ்ட்லர் என்பார்கள். ஒரு ஷெட்டின் படங்களை வைத்து அந்த ஹாஸ்ட்லரின் பாதையை முழுதாக வரைய முடிகிறதா என்பதுதான் என் முதல் சோதனை.

சாமா

இந்தச் சோதனையில் சாமாவை வெல்ல ஆள் இல்லை.

நியூ மெக்ஸிகோவின் வடக்கு ஓரத்தில், கொலராடோ எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கிற சின்ன ஊர் சாமா. டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் கம்பெனியின் தண்டவாளம் 1880ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அங்கே வந்து சேர்ந்தது. ஊரின் உயரம் சுமார் 7,860 அடி. அங்கிருந்து ஏறக்குறைய 14 மைல் தள்ளி இருக்கும் கும்ப்ரஸ் கணவாய் 10,015 அடி. 100 அடிக்கு 4 அடி ஏற்றம். கீழே இருந்து வருகிற சரக்கு ரயிலை ஒற்றை இன்ஜின் மேலே கொண்டுபோய்ச் சேர்க்காது. சாமாவில் கூடுதல் இன்ஜின் மாட்ட வேண்டும், சில நேரம் ரயிலை இரண்டாகப் பிரித்து ஏற்ற வேண்டும். உதவிக்குப் போகிற இன்ஜின்கள் எல்லாம் அங்கேயே நெருப்போடு தயாராக நிற்க வேண்டும். சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய ஷெட் வந்ததற்கு அந்த மலைதான் காரணம். பனிக்காலத்துக்கு என்று சுழல் பனிவெட்டிகள் வேறு. 1889இல் செய்த ஒன்றும் 1923இல் செய்த ஒன்றும் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் பிறந்த தேதி தெரியும். இரண்டு பக்கமும் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிற மரத் தண்ணீர்த் தொட்டி 1897ஐச் சேர்ந்தது, கொள்ளளவு 50,000 கேலன், அதாவது சுமார் 1,89,000 லிட்டர். பிற்காலத்தில் அங்கே ஓடிய கே-36 வகை இன்ஜினின் டெண்டர், அதாவது கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வருகிற வண்டி, 5,000 கேலன் பிடிக்கும், ஆகவே முழுத் தொட்டி பத்து இன்ஜினுக்குப் போதும். மரத்தால் கட்டிய உயரமான கரிக் கோபுரம் 1924இல் வந்தது. கே-36கள் பத்தும் பால்ட்வின் கம்பெனியிலிருந்து 1925இல் வந்தன. கோபுரத்தையும் இன்ஜினையும் ஒரே தலைமுறை என்றே சொல்லலாம்.

இந்தத் தேதிகள் எனக்கு எப்படிக் கைகொடுத்தன என்று சொல்ல வேண்டும். படச் சந்தை ஒன்றில் பழைய பிரதி ஒன்றை வாங்கினேன். பின்பக்கம் பென்சிலால் "சாமா, 1915" என்று எழுதியிருந்தது. அதை நம்பி, அந்தக் காலத்து இன்ஜின், அந்தக் காலத்துச் சரக்குப் பெட்டி என்று ஆறு வாரம் குறிப்பெடுத்தேன். பிறகு ஒரு நாள் பூதக்கண்ணாடியை வலது மேல் மூலைக்குக் கொண்டுபோனபோது, புகைக்குப் பின்னால் கரிக் கோபுரத்தின் கூரை விளிம்பு தெரிந்தது. 1924க்கு முன் அந்தக் கூரை அங்கே கிடையாது. ஒரு விரல் நகம் அளவு தெரிந்த கூரை ஆறு வாரக் குறிப்பை மாற்றி எழுத வைத்தது. அதிலிருந்து படத்தின் பின்னால் எழுதியிருக்கும் தேதியை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கட்டடம் சொல்கிற தேதியைத்தான் நம்புகிறேன்.

இன்ஜினும் தேதி சொல்லும். கம்பெனி 1920களின் தொடக்கத்தில் புது அமைப்பாக மாறிப் பெயரோடு வெஸ்டர்ன் சேர்ந்துகொண்டது. 1930களின் இறுதியில் டெண்டரில் ரியோ கிராண்ட் என்ற பெயரைக் காற்றில் பறக்கிற மாதிரி சாய்த்து எழுதத் தொடங்கினார்கள். டெண்டரின் பக்கவாட்டு எழுத்தைப் பார்த்தாலே படம் எந்தக் காலத்து அறைக்குள் விழுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு பெட்டிகளைக் கோர்க்கிற இடத்தையும் பாருங்கள். வளையமும் ஊசியுமாக இருந்தால் பழையது, தானாகப் பூட்டிக்கொள்கிற கொக்கியாக இருந்தால் புதியது. 1893இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த ரயில் பாதுகாப்புச் சட்டம்தான் இந்த மாற்றத்தைத் தள்ளியது. நேரோ கேஜ் கம்பெனிகள் சற்றுத் தாமதமாகவே மாறின.

சாமாவின் இன்னொரு பலம், அங்கே படம் எடுக்கப் போனவர்களின் எண்ணிக்கை. மற்ற நேரோ கேஜ் பாதைகள் 1930களிலும் 40களிலும் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1951 ஜனவரி இறுதியில் சான் ஹுவான் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரயில் நின்றது. ஆனால் ஃபார்மிங்டன் பக்கம் எண்ணெய், எரிவாயு வேலைகள் சூடுபிடித்ததால் 1950களில் குழாய் ஏற்றிய சரக்கு ரயில்கள் கும்ப்ரஸ் மலை ஏறின. கையில் கேமரா இருந்த ரயில் ரசிகர்கள் அமெரிக்கா முழுவதிலிருந்தும் வந்து குவிந்தது அந்த ஆண்டுகளில்தான். கறுப்பு வெள்ளை, கலர் ஸ்லைடு, சின்ன சினிமா ஃபிலிம் எல்லாம் கிடைக்கின்றன. 1968இல் சரக்கும் நின்றது. 1970இல் கொலராடோ, நியூ மெக்ஸிகோ மாநிலங்கள் இரண்டும் சேர்ந்து ஆன்டோனிட்டோவிலிருந்து சாமா வரையுள்ள 64 மைலை விலைக்கு வாங்கின. அதனால் தொட்டியும் கோபுரமும் மணல் கொட்டகையும் இன்றும் நிற்கின்றன. பழைய படத்தில் மறைந்திருக்கிற பக்கத்தை இன்றைய படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. டர்ன்டேபிளைச் சுற்றி வளைவாகக் கட்டிய இன்ஜின் கொட்டகையான ரவுண்ட் ஹவுஸில் ஒரு காலத்தில் ஒன்பது அறைகள் இருந்தன, இன்று மிஞ்சியிருப்பது இரண்டு. நீங்கள் எடுக்கிற ஆண்டில் எத்தனை அறை நின்றது என்பதை அந்த ஆண்டின் படங்களிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்தது, ஐம்பதுகளின் படங்கள் குவிந்து கிடப்பதால் அதற்கு முந்தைய சாமாவையும் நம் மனசு அதே மாதிரி கற்பனை செய்துகொள்ளும். 1900இன் சாமா வேறு ஊர். அதற்குக் கிடைக்கிற படங்களும் குறைவு.

கோமோ

கோமோவைப் பற்றி எழுதும்போது என்னால் நடுநிலையாக இருக்க முடியாது. மூன்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

டென்வரிலிருந்து மலைக்குள் போன டென்வர், சவுத் பார்க் அண்ட் பசிபிக் பாதை 1879இல் இந்த இடத்தை எட்டியது. உயரம் 9,800 அடிக்குச் சற்றுக் குறைவு. இங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை 11,480 அடி உயரமுள்ள போரியஸ் கணவாயைத் தாண்டி பிரெக்கன்ரிட்ஜ், லெட்வில் பக்கம் போகும். இன்னொன்று சவுத் பார்க் சமவெளி வழியாகப் போய், மலைத் தொடரை ஆல்பைன் சுரங்கத்தில் கடந்து கன்னிசனுக்குப் போகும். பிரிகிற இடத்தில்தானே இன்ஜின் மாற்ற வேண்டும், அதனால் 1881இல் ஆறு அறைகள் கொண்ட ரவுண்ட் ஹவுஸைக் கல்லால் கட்டினார்கள். பிறகு மரத்தில் பதின்மூன்று அறைகள் சேர்ந்து பத்தொன்பது ஆயின. அவ்வளவு உயரத்தில், திறந்த புல்வெளியில், அரைவட்டமாகப் பத்தொன்பது கதவுகள்!

இந்தப் பத்தொன்பது கதவுகளையும் காட்டுகிற படம் கிடைத்தால் அதிலேயே ஒரு மாதம் செலவழிக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோமோவின் நல்ல காலம், ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்த காலம். அந்தத் தகடுகளில் ஒரு நன்மை உண்டு, தகடு பெரிது. கொலராடோவில் அந்நாளில் படம் எடுத்த வில்லியம் ஹென்றி ஜாக்சன் போன்றவர்கள் ஜன்னல் கண்ணாடி அளவுக்குப் பெரிய தகடுகளையும் மலைமேல் தூக்கிப் போனார்கள். நல்ல ஸ்கேன் கிடைத்தால் கூரைப் பலகைகளை எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கலாம். ஆனால் அந்த ரசாயனப் பூச்சுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. நீல வானம் வெள்ளையாக வெளுத்துவிடும். செம்மண் நிறப் பெயின்ட் அடித்த சுவர் கரி பூசியது போல் விழும். கோமோவின் மரக் கதவுகள் கறுப்பாகத் தெரிகின்றன என்பதற்காகக் கறுப்புப் பெயின்ட் வாங்கிவிடக் கூடாது. எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள ஃபிலிம் பரவலானது மிகவும் பிற்காலத்தில்.

பாதை பல கைகள் மாறியதும் தேடுகிறவருக்கு ஒரு தொல்லை. முதலில் சவுத் பார்க். 1889இல் டென்வர், லெட்வில் அண்ட் கன்னிசன் என்று பெயர் மாறியது. 1890களின் இறுதியில் கொலராடோ அண்ட் சதர்ன் ஆனது. ஆவணக் காப்பகங்களில் ஒரே ஷெட்டின் படங்கள் இந்த மூன்று பெயர்களிலும் சிதறிக் கிடக்கும். மூன்றையும் போட்டுத் தேட வேண்டும்.

1910இல் ஆல்பைன் சுரங்கம் மூடப்பட்டதோடு கோமோவின் முக்கியத்துவம் தேயத் தொடங்கியது. 1937 ஏப்ரலில் பாதையே மூடப்பட்டது. அதனால் கடைசி ஆண்டுகளில் வந்த ரசிகர்கள் எடுத்தது வெறிச்சோடிய கோமோவை. அந்தக் கூட்டத்தில் நான் மிகவும் மதிக்கிறவர் ஓட்டோ பெர்ரி. டென்வரில் தபால்காரராக வேலை பார்த்தவர். லீவு கிடைத்தபோதெல்லாம் ரயில்களைத் தேடிப் போய், வாழ்நாளில் சுமார் 20,000 படங்கள் எடுத்தார். அவை டென்வர் பொது நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். தேதியும் இடமும் இன்ஜின் எண்ணும் அக்கறையாகக் குறித்து வைத்தவர். படச் சந்தையில் பென்சில் குறிப்போடு வாங்கிய படத்துக்கும் அவர் படத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குறிப்பின் நம்பகம்தான்.

இந்தப் பாதையின் இன்ஜின்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். பிற்காலப் படங்களில் புகைபோக்கியின் உச்சியில் ஒரு பெரிய இரும்புக் கூடை கவிழ்த்தது போல் இருக்கும். தீப்பொறி பறந்து காட்டில் விழாமல் பிடிக்கிற சாதனம் அது. கரடிப் பொறி, அதாவது கரடியைப் பிடிக்க வைக்கிற பொறி, என்பது அதன் செல்லப்பெயர். அந்தக் கூடை இருந்தால் படம் கொலராடோ அண்ட் சதர்ன் காலத்தது.

அளவெடுப்பதில் கோமோ நம்மைச் சோதிக்கும். சுவர் கரடுமுரடான கல், ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் அளவு. எண்ணிக் கணக்கிட எதுவும் இல்லை. ஆறுதல் என்னவென்றால், கல் அறைகள் ஆறும் இன்றும் நிற்கின்றன, டர்ன்டேபிளும் மறுபடி வைக்கப்பட்டிருக்கிறது. மரப் பகுதி இல்லை. அதாவது பத்தொன்பதில் பதின்மூன்றை முழுக்க முழுக்கப் படங்களிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சாம்பலும் கரியும் எங்கே, ஹாஸ்ட்லர் எந்த வழியாகப் போனார் என்று கேட்டால் நான் பார்த்த படங்களிலிருந்து ஒரு பாதி வரைபடம்தான் கிடைத்தது.

ராக்ஹில் ஃபர்னஸ்

கொலராடோவின் மலையழகு இங்கே கிடையாது. பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் ரயில்வே ஒரு கரிச் சுரங்கப் பாதை. 1870களில் கட்டப்பட்டது. முக்கியப் பாதை மவுன்ட் யூனியனிலிருந்து ராபர்ட்ஸ்டேல் வரை சுமார் 30 மைல். நடுவில் ராக்ஹில் ஃபர்னஸில் எட்டு அறை செங்கல் ரவுண்ட் ஹவுஸும் கையால் தள்ளித் திருப்புகிற டர்ன்டேபிளும் பழுதுபார்க்கும் பட்டறையும் இருக்கின்றன.

இதன் கதை வேறு எந்த ஷெட்டுக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம். 1956 ஏப்ரலில் பாதை மூடப்பட்டபோது அதை வாங்கியவர் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற நிக் கோவல்சிக். வாங்கியதை உடைத்து விற்கவில்லை, அப்படியே விட்டுவைத்தார். 1960இல் சுற்றுலா ரயிலாக ஒரு பகுதியைத் திறந்தார்கள். 2011 முடிவில் அது நின்று, 2020இல் ஓர் அறக்கட்டளை வாங்கி, 2023இல் 16ஆம் எண் இன்ஜின் மறுபடி ஆவி விட்டது. 1911 முதல் 1920 வரை பால்ட்வினில் செய்த மிகாடோ என்ற வகை இன்ஜின்கள் ஆறும் அங்கேயே இருக்கின்றன. பட்டறையில் கூரைக்குக் கீழே ஓடுகிற நீள இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்குகிற தோல் பட்டைகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன.

ஆகவே இங்கே பழைய படத்தைச் சரிபார்க்க அந்தக் கட்டடமே சாட்சி. அதோடு அமெரிக்க அரசின் பொறியியல் மரபுப் பதிவுத் திட்டம் இந்த இடத்தை அளந்து வரைந்திருக்கிறது. 1969இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வரைபடங்களும் பெரிய அளவுப் படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஸ்டேஷனின் பெயர் ஆர்பிசோனியா, ஷெட் இருக்கிற ஊர் ராக்ஹில் ஃபர்னஸ். இரண்டு பெயரையும் போட்டால்தான் எல்லாம் வரும்.

செங்கல் சுவர் அளவெடுப்பவருக்கு வரம். அமெரிக்கச் செங்கல்லில் கலவையோடு சேர்த்து மூன்று வரிசை ஏறக்குறைய 8 அங்குலம். கதவுக்குப் பக்கத்தில் வரிசையை எண்ணினால் கதவின் உயரம் கிடைத்துவிடும். செங்கல் இல்லாத இடத்தில் இன்ஜினின் சக்கரத்தை அளவுகோலாகப் பிடிக்கலாம். சாமாவின் கே-36க்கு ஓட்டும் சக்கரத்தின் விட்டம் 44 அங்குலம். படத்தில் அது 220 புள்ளி உயரம் என்றால் ஒரு அங்குலத்துக்கு 5 புள்ளி. ஆனால் இந்தக் கணக்கு சக்கரம் நிற்கிற தூரத்துக்கு மட்டும்தான் செல்லும். பின்னால் இருபதடி தள்ளி நிற்கிற சுவருக்கு அதே கணக்கைப் போட்டால் சுவர் குட்டையாகிவிடும். என் முதல் மணல் கொட்டகைக்கு அப்படித்தான் ஆனது, மறுபடி கட்டினேன். சுவருக்கு அளவு வேண்டுமானால் சுவரோடு ஒட்டி நிற்கிற பொருளைத் தேட வேண்டும்.

ராக்ஹில் ஃபர்னஸில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. எல்லாம் கிடைத்துவிடுவதால் புகைப்படத்தைப் படிக்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வரைபடத்தைப் பார்த்துக் கட்டலாம். சரியாகக் கட்ட விரும்புகிறவருக்கு இது நன்மை. படத்தைத் தோண்டித் தோண்டிக் கண்டுபிடிக்கிற சுகத்துக்காக இதில் இறங்குகிறவருக்கு அந்தச் சுகம் குறைவு.

மற்ற இரண்டைப் பற்றிக் கொஞ்சம்

டுராங்கோவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1881இன் ரவுண்ட் ஹவுஸ் 1989 பிப்ரவரியில் எரிந்துபோய், பழைய செங்கற்களில் மிஞ்சியவற்றையும் சேர்த்து மறுபடி கட்டப்பட்டது. இன்றைய கட்டடத்தை வைத்து அன்றைய படத்தைச் சரிபார்க்கும்போது எது பழையது, எது புதியது என்று ஒவ்வோர் இடத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. இடமும் அதிகம் கேட்கும். அங்குள்ள 65 அடி டர்ன்டேபிளே 1:48 அளவில் 41 சென்டிமீட்டர் வரும், 1:87இல் கிட்டத்தட்ட 23. அதைச் சுற்றி அறைகளும் வந்தால் ஒரு கட்டில் வேண்டும். ரிட்ஜ்வே, ரியோ கிராண்ட் சதர்ன் பாதையின் தொடக்க ஊர், 1950களின் தொடக்கத்தில் பாதையோடு சேர்ந்து முடிந்துபோனது. படங்கள் உண்டு, சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை என்பதால் முதல் முயற்சிக்கு நான் சொல்ல மாட்டேன்.

எந்த ஊரை எடுத்தாலும் இரண்டு பழக்கம் உதவும். முதலாவது, நெகட்டிவ் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. எண்கள் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால் இன்ஜினைப் பாருங்கள். அமெரிக்க டிரைவர் வலது பக்கம் உட்காருவார், ரிவர்ஸ் லிவரிலிருந்து முன்னே ஓடுகிற நீளக் கம்பியும் வலது பக்கம்தான். அது இடது பக்கம் இருந்தால் படம் கண்ணாடி பிம்பம், தண்ணீர்த் தொட்டியும் தண்டவாளத்தின் தப்பான பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டாவது, வரைபடம் தேடுவது. டுராங்கோ மாதிரி ஊர்களுக்கு சான்பார்ன் கம்பெனியின் தீ இன்சூரன்ஸ் வரைபடங்கள் உண்டு. செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம் என்று நிறம் தீட்டியிருப்பார்கள். புகைப்படம் மறைத்துவிட்ட நிறத்துக்குப் பதில், சுவர் எதனால் ஆனது என்றாவது அது சொல்லிவிடும். 1913இன் சட்டப்படி அமெரிக்க அரசு எல்லா ரயில்வே சொத்துகளையும் மதிப்பிட்டு எழுதிய பதிவேடுகளும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

என் முடிவு

கட்டடத்தை அங்குலம் பிசகாமல் கட்டுவது உங்கள் ஆசை என்றால் யோசிக்காமல் ராக்ஹில் ஃபர்னஸுக்குப் போங்கள். இன்றைக்கே வரைபடத்தை இறக்கிக்கொண்டு ஆரம்பிக்கலாம். ஒரு இடம் எப்படி இருந்திருக்கும் என்று வருஷக்கணக்கில் தேட உங்களுக்குப் பொறுமை இருந்தால், பாதி தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்றால், கோமோ. ஆனால் கல் அறைகள் ஆறை மட்டும் முதலில் கட்டுங்கள், மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

நான் எடுத்தது சாமா. இன்ஜின் ஓடி வந்து இறங்கி, சாம்பல் தட்டி, கரி ஏற்றி, தண்ணீர் பிடித்து, மணல் வாங்கி மறுபடி மலைக்குத் தயாராகிற முழு நாளையும் படங்களிலிருந்தே கோர்க்க முடிந்த ஒரே இடம் எனக்கு அதுதான். காலம் 1950இன் இலையுதிர் பருவம். சான் ஹுவான் எக்ஸ்பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன, டெண்டர்களில் பறக்கிற எழுத்து. பலகை ஆறடிக்கு ஒன்றரை அடி. அதில் ரவுண்ட் ஹவுஸுக்கு இடமில்லை, அதைக் கட்டவும் இல்லை. கோபுரம், தொட்டி, மணல் கொட்டகை, சாம்பல் இறக்குகிற இடம், இவற்றை இணைக்கிற தண்டவாளங்கள், அவ்வளவுதான். இன்ஜின் பலகையின் ஓரத்தில் வந்து, வேலைகளை முடித்துக்கொண்டு மறு ஓரத்தில் போய்விடும்.

சாம்பலுக்கு நிஜமான அடுப்புச் சாம்பலையே சலித்துப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். கோபுரத்தின் மரப் பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு குனிந்து தண்டவாளத்துக்கு நடுவே இருந்த வெளுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹோஸ் எங்கப்பா?" என்றார். மெல்லிய ஒயரின் ரப்பர் உறையை உருவி, கறுப்புப் பெயின்ட் அடித்துக் காயவைத்திருக்கிறேன். தொட்டியின் அடியிலிருந்து சாம்பல் குழி வரை, அந்தப் படத்தில் கிடந்த அதே வளைவில் போட வேண்டும்.